எலுமிச்சம்பழம் வைத்த குண்டு மெஷின்

என் மாமனாரும் அவருடைய இரண்டு மகன்களும் குண்டு உருட்டி ஆடும் பின்பால் மெஷினைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மாமியார் தரையில் குந்தி உட்கார்ந்து, அதன் நான்கு கால்களுக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, விரலு! விரலு!" என்று இளைய மருமகள் பாக்கியம் கத்தினாள்.

"என் விரலு எனக்குத் தெரியும். நீ கற்பூரத்தக் கொளுத்து" என்றார் மாமியார்.

கடைக்கு வெளியே எங்கள் கரும்பு லாரி மாலையும் சந்தனமுமாக நின்றது. ஆலையில் அரவை தொடங்கப் போகிற வாரம். எங்கள் தீவில், நாடி ஊர்ப் பக்கத்தில் வருஷாவருஷம் அந்த வாரத்தில் லாரிக்குப் பூசை போடுவோம். சக்கரத்துக்கு ஒரு பழம் வைப்போம். லாரி அவற்றை நசுக்கிக்கொண்டு நகர்ந்தால் அரவை முடியும் வரைக்கும் விபத்து வராது என்பது நம்பிக்கை.

அந்த வருஷம் லாரிப் பூசை முடிந்ததும் மாமனார் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். "அதுவும் மிசினுதான? அதுவும் நமக்குச் சம்பாரிச்சிக் குடுக்குது. அதுக்கு மட்டும் இன்னா பாவம்?" என்றார்.

லாரி நகர்ந்து போகும். பின்பால் மெஷின் எங்கே போகும்? அதை யாரும் யோசிக்கவில்லை. தூக்கினார்கள், பழத்தை வைத்தார்கள், இறக்கினார்கள். மூன்று பழங்கள் வழுக்கி வெளியே ஓடிவிட்டன. பின்பக்கத்து இடது காலுக்குக் கீழே இருந்த ஒன்று மாத்திரம் நசுங்கி அங்கேயே தங்கிவிட்டது.

"ஒண்ண ஆத்தா ஏத்துக்கினா" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் டீக்கடையின் ரொட்டிக்கல்லைப் பற்றி எழுதும்போது, மூலையில் ஒரு குண்டு மெஷின் நின்றது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு வரியில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை அது. அந்த ஒரு பழத்தால் நான் பட்ட வயிற்றெரிச்சலையே ஒரு வாரத்துக்கு எழுதலாம்.

இடது கைக்கு ஒரு வேலை

நான் பிறந்து வளர்ந்தது லாமியில். தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் படித்தேன். அங்கே கற்ற தமிழ்தான் இன்று உங்களுக்கு எழுத உதவுகிறது.

எனக்கு இடது கைப் பழக்கம். எழுதினாலும், மாவு பிசைந்தாலும், கல் எறிந்தாலும் அந்தக் கைதான் முன்னால் வரும். வந்ததும் அம்மாவிடம் அடி விழும். கோயிலில் பிரசாதம் வாங்கும்போது வலது கையை நீட்ட வேண்டும் என்ற நினைப்பிலேயே எனக்கு வியர்த்துவிடும். இந்தக் கூச்சத்தால் நாலு பேர் இருக்கும் இடத்தில் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. இன்னும் போகவில்லை.

என் அண்ணன் பக்கத்து நகரமான சுவாவில் கப்பல்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு கேன்டீனில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேன்டீன் மூடியிருந்தபோது, அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். சுவரோரமாக, கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை ஒன்று நான்கு காலில் நின்றது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் குமிழ்கள். தலைமாட்டில் குதிரைமேல் நிற்கும் ஒரு பெண்ணின் படம்.

"தொட்டா அடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"தொடாட்டிதான் அடிக்கணும். வா" என்றான் அண்ணன்.

ஸ்பிரிங் பிடியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடுகிறது. குமிழில் மோதினால் மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறது, எண் ஏறுகிறது. கீழே இறங்கி வரும் குண்டைப் பள்ளத்தில் விழவிடாமல் தட்டி அனுப்ப இரண்டு சின்னக் கைகள். இடது பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இடது கை துள்ளும், வலதை அழுத்தினால் வலது.

என் இடது கை துள்ளிய வேகத்தைப் பார்த்து அண்ணன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டான். "பீச்சாங்கைக்கு ஒரு வேல கெடச்சிடுச்சு, போ!" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இரண்டு கையையும் மடிமேல் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சில ஞாயிறுகள் போனேன். பிறகு அண்ணனுக்கு வேறு வேலை கிடைத்தது. அதோடு அந்த மெஷின் முடிந்தது.

நாற்காலி வாங்கப் போனவர்

கல்யாணமாகி நாடிக்கு வந்தேன். மாமனாருக்குக் கொஞ்சம் கரும்பு நிலம், ஒரு லாரி, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் மூத்தவர். நான் வந்து ஒரு வருஷத்தில் கொழுந்தனாருக்கு வுனிமோனோவிலிருந்து பெண் எடுத்தார்கள். அவள்தான் பாக்கியம், என் ஓரகத்தி.

விமான நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் பழைய சாமான்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமனார் கடைக்கு நாற்காலி வாங்கப் போனார். லாரி திரும்பி வந்தபோது நாற்காலிகளுக்கு நடுவில் கயிறு கட்டிப் படுத்திருந்தது ஒரு பின்பால் மெஷின்.

"இது இன்னா கூத்து?" என்றார் மாமியார்.

"டிரைவருங்க, பஸ்ஸுக்கு நிக்கறவங்க எல்லாம் சும்மாதான ஒக்காந்து கெடக்கறாங்க? காசு போட்டு உருட்டட்டும்" என்றார் மாமனார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானைக்குள் என் இடது கை தானாக மடங்கி விரிந்தது.

பகலில் ஆண்கள் ஆடினார்கள். பெண்களான நாங்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் விடிந்ததும், ரொட்டி மாவு பிசைந்து மூடி வைத்தபின், மாவு ஊறுகிற நேரம் ஒன்று இருக்கிறது. கடை திறக்கவில்லை. சாவிக்கொத்து மாமியாரிடம். அதில் மெஷினின் முன்கதவுச் சாவியும் உண்டு. கதவைத் திறந்து உள்ளே ஒரு கம்பியை அழுத்தினால் காசில்லாமல் ஓர் ஆட்டம்.

நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாது. பாக்கியம்தான் கேட்டாள். "அத்தை, தூசி தட்டணும், சாவி குடு" என்று வாங்கினாள். தூசியும் தட்டினாள், பொய் சொல்லவில்லை.

அவளுக்கு ஆடத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவளுக்கு எல்லாம் வந்தது

பாக்கியம் நெல்வயலில் வளர்ந்தவள். வாய் ஓயாது. மாமியாரையே கிண்டல் செய்வாள், மாமியார் சிரிப்பார். அதையே நான் சொன்னால் பதிலுக்கு ஒரு பார்வைதான் வரும். அவள் கோயிலில் பாடினால் கூட்டம் திரும்பும். அவள் வைத்த மிளகாய்ச் செடி காய்த்தது, என்னுடையது இலையோடு நின்றது. வந்த வருஷமே அவளுக்கு ஆண் குழந்தை. நான் அப்போது காத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். காலையில் மாவு ஊறுகிற அந்த நேரம் என்னுடையது என்று இருந்தேன். அதில் அவள் எனக்குக் கீழே இருந்தாள். குண்டு இறங்கும்போது இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்திவிட்டு, "ஐயோ, போச்சே!" என்பாள். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

மாமியார் அடுப்படியிலிருந்து கத்துவார். "ரெண்டு மருமவளும் குண்டு உருட்டினா ரொட்டி யாரு உருட்டுறது?"

"நீதான் அத்தை! உனக்குத்தான் வட்டமா வருது!" என்பாள் பாக்கியம்.

எங்கள் மெஷினில் நிறைய எண் எடுத்தால் ஓர் ஆட்டம் இனாம். அப்போது உள்ளே கட்டையால் தட்டுவது போல 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டின் கடைசி அறை வரைக்கும் கேட்கும். மெஷின் வந்த புதிதில் காலை நேரத்து 'டொக்' எல்லாம் என்னுடையது.

தேநீர் சாய்ந்த பக்கம்

பூசைக்கு மறுநாள் காலை நான் முதல் குண்டை விட்டேன். அது இறங்கி வரும்போது, இடது பக்கம் வரவேண்டியது வலது பக்கம் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. என் இடது கை காற்றில் துள்ளிக்கொண்டிருந்தது, குண்டு அதன் பக்கமே வரவில்லை.

நான் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தேநீர் ஊற்றி மெஷின் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். தேநீர் வலது பக்கம் சாய்ந்து நின்றது. குனிந்து பின்னங்காலைப் பார்த்தேன். மெஷினின் கனத்தில் பழம் தட்டையாகி, செருப்புத் தோல் போலத் தடித்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு பாக்கியத்தின் ஆட்டம்தான். அவளுக்கு வலது கை வாட்டம். குண்டு அவளைத் தேடிக்கொண்டு போனது. அதோடு அவள் ஒன்று கற்றுக்கொண்டிருந்தாள். குண்டு தப்பப் போகிற நேரம் பார்த்து மெஷினை இடுப்பால் ஓர் இடி இடிப்பாள். வேகமாக இடித்தால் மெஷின் கோபித்துக்கொண்டு விளக்கெல்லாம் அணைந்துவிடும். அவள் இடித்தால் ஒருநாளும் அணையாது. நெல்மூட்டையைக் கதவில் நுழைக்கிற இடி அது. அளவாக இருக்கும். எனக்கு அப்படி இடிக்கக் கூச்சம்.

நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பேன். 'டொக்' என்று கேட்கும். ரொட்டி கருகும்.

மாமியாரிடம் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அத்தை, அந்தப் பழத்துல எறும்பு மொய்க்கப் போவுது. எடுத்துடலாமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "தொட்டுடாத! அரவை முடியறமுட்டும் அது அங்கதான் இருக்கணும். அந்த லாரியில போறது என் ரெண்டு புள்ளைங்க. உன் புருசனும் அதுலதான போறான்?"

அதன்பின் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. கரும்பை மலைபோல ஏற்றிக்கொண்டு லௌதோக்கா ஆலைக்குப் போகிற லாரி அது. எந்த மனைவி அந்தப் பழத்தை எடுப்பாள்? மாமனார் வேறு தினமும் கடை திறக்கும்போது குனிந்து அதைப் பார்த்துக் கும்பிடுவார்.

பலகையில் 'வீடு'

மெஷினுக்கு மேலே மாமனார் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டியிருந்தார். அதிக எண் எடுத்தவர் பெயரையும் எண்ணையும் சாக்கட்டியால் எழுதுவார். அதை யாராவது தாண்டினால் அழித்துவிட்டுப் புதிது எழுதுவார். டிரைவர்கள் அந்தப் பலகைக்காகவே டீ குடிக்க வருவார்கள்.

ஒருநாள் காலை பாக்கியத்தின் எண் பலகையில் இருந்ததைத் தாண்டிவிட்டது. அவள் சும்மா இருக்கவில்லை. "மாமா! இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

மாமனார் பனியனோடு வந்து பார்த்தார். மெஷினைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கடைப் பலகையில் வீட்டுப் பெண் பெயரை எழுதுவதாவது? எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடுமே? கடைசியில் பழைய பெயரை அழித்தார். எண்ணைப் போட்டு, பக்கத்தில் தமிழில் 'வீடு' என்று எழுதினார்.

கடைக்கு வரும் இளவட்டங்கள் எல்லாம் பேசுவது இந்தி, தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆத்தா பெயரிலோ மெஷின் பெயரிலோ ஏதோ மந்திரம் எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு டிரைவர் காசு போடுமுன் அந்தப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் வாசல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பாக்கியம் என் தோள்மேல் முகத்தை வைத்து, சத்தம் வராமல் சிரித்தாள். "அக்கா, என்னக் கும்புடுறான் பாரு!"

நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த 'வீடு' நானாக இருந்திருக்க வேண்டும். வேறு எதிலும் நான் முன்னால் நிற்க ஆசைப்பட்டதில்லை. பாட்டு அவளுக்கு, பிள்ளை அவளுக்கு, மாமியாரின் சிரிப்பு அவளுக்கு. அந்தச் சாக்கட்டி எழுத்து மட்டும் எனக்கு என்று கேட்டேன். ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம் அதையும் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டது.

அரவை முடியட்டும், பழத்தை எடுப்பார்கள், மெஷின் நேராக நிற்கும், அப்போது பார்க்கலாம் என்று இருந்தேன். எரித்த கரும்பின் சாம்பல் காற்றில் பறந்து வந்து துணிக்கொடியில் உட்காரும். அதைத் தட்டிக்கொண்டே நாள் பார்த்தேன்.

அரவை முடிவதற்குள் நானும் கர்ப்பமாகியிருந்தேன். பழத்தை எடுக்குமுன்பே பிரசவத்துக்கு லாமிக்கு அனுப்பிவிட்டார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நாடிக்குத் திரும்பியபோது கடை மூலை காலியாக இருந்தது. மெஷினைப் பா என்ற ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பலகை மாத்திரம் சுவரில் இருந்தது. அதில் 'வீடு' அப்படியே இருந்தது.

மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அந்தப் பலகை முன் கொஞ்சநேரம் நின்றேன். அழிக்கவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் அது தானாகக் கரைந்தது.

சுவாவில் போன மாதம்

என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து நாங்கள் லாமிக்கே வந்துவிட்டோம். பாக்கியம் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நான் குண்டு உருட்டியது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மகள் வேலை பார்த்த ஓட்டலில் கொஞ்சநாள், பொருட்காட்சியில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் குண்டு இடது பக்கம் அழகாக வரும். 'பார், நேரான மெஷினில் நான் எப்படி ஆடுகிறேன்' என்று மனதுக்குள் பாக்கியத்திடம் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அவள் வந்திருந்தாள். குளிருக்குப் போடும் சட்டையை இந்த வெயிலில் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தலை நரைத்திருக்கிறது. வாய் நரைக்கவில்லை. இருவரும் துணி எடுக்கச் சுவாவுக்குப் போனோம். வழியில் ஒரு விளையாட்டுக் கடை. டிவி போல ஒளிரும் புதுப் பெட்டிகளுக்கு நடுவில், யாரும் சீண்டாமல், ஒரு பின்பால் மெஷின்.

"அக்கா! நம்மாளு!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

நான் முதலில் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். அடுத்து அவள். பை, சட்டை எல்லாவற்றையும் என்னிடம் திணித்துவிட்டு, அதே இடுப்பால் ஒரு இடி. எண் ஏறிக்கொண்டே போயிற்று.

எனக்கு அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "இன்னிக்கு எப்படியோ. அன்னிக்கு நம்ம கடையில நீ ஜெயிச்சது அந்தப் பழத்தாலதான். பின்னங்காலுக்குக் கீழ பழம் இருந்து மெஷின் கோணலா நின்னுது."

பாக்கியம் பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே, "எந்தப் பழம்? பூசப் பழமா? அத நான் அந்த வாரமே எடுத்துட்டனே" என்றாள்.

"பொய் சொல்லாத. கடைசிவரைக்கும் அங்கதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"காலுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன், கீழ இல்ல. மாமா தெனம் குனிஞ்சு பாப்பாரே, அதுக்குத்தான். நீ வெறவு எடுக்கப் போன நேரம் பாத்து முதுகால மெஷினத் தூக்கி, காலால தள்ளுனேன். இடுப்புப் புடிச்சிக்கினு ரெண்டு நாளு நடக்க முடியல. கொழந்தைய தூக்கினதால வலின்னு அத்தைகிட்ட சொன்னேன்."

"ஏண்டி?"

"உனக்கு மட்டும்தான் குண்டு வலது பக்கம் ஓடுறது தெரியுமா? நானும் ஆடுறவதான? கோணல் மெஷின்ல உன்ன ஜெயிச்சி எனக்கு இன்னா பெரும?"

"லாரியில அவங்க ரெண்டு பேரும் போனாங்களே…"

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத ஏங்கேக்குற? தெனம் சாயங்காலம் லாரி சத்தம் கேக்கறமுட்டும் என் உசுரு என்கிட்ட இல்ல. பழத்தத் திரும்பக் கீழ வச்சிடலாமான்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். உன்னமாதிரி ஒரு ஆட்டக்காரிய எங்க புடிக்கிறதுன்னு வுட்டுட்டேன்."

அவள் திரும்பிய அந்த நொடியில் குண்டு பள்ளத்தில் விழுந்தது. "ஐயோ, போச்சே!" என்றாள். ஆனால் எண் அதற்குள் என்னைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

நான் பையையும் சட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அரவைக் காலம் முழுவதும் மெஷின் நேராகத்தான் நின்றிருக்கிறது. நேராக வந்த குண்டுகளைத்தான் நான் விட்டிருக்கிறேன். தேநீரை ஒருமுறை வைத்துப் பார்த்த நான் இன்னொருமுறை வைத்துப் பார்க்கவில்லை. அவள் கை என்னைவிட மேல் என்பதைக்கூட இந்த வயதில் ஒத்துக்கொண்டுவிடலாம். ஆனால் அந்தப் பழத்தைத் தொடுகிற நெஞ்சும் அவளிடம்தானே இருந்தது? அதுவும் என்னோடு நேராக ஆடுவதற்காக. அதையும் அவளே வைத்துக்கொண்டாளே என்று எனக்குப் புதிதாக ஒரு எரிச்சல் மூண்டது.

"இன்னொரு ஆட்டம்?" என்றாள்.

ஆடினோம். தோற்றேன். இன்னும் ஒன்று ஆடினோம். அதிலும்தான்.

அவள் கடைக்காரரிடம் சில்லறை மாற்றப் போன நேரத்தில், கீழே ஏதோ விழுந்ததுபோல நான் குனிந்தேன். முன்னங்கால் இரண்டையும் பார்த்தேன். கழுத்தை வளைத்துப் பின்னங்கால் இரண்டையும் பார்த்தேன். தரை துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.

"இன்னாக்கா தேடுற?" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

"கைக்குட்டை" என்றேன்.

"அது உன் பீச்சாங்கையிலதான் கீது, பாரு" என்றாள் பாக்கியம்.